லினக்ஸுக்கு நான் கொடுத்த நற்சான்று

நம் ஊர் பனியன் கம்பெனிகளில் சிஸ்டம்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்ற ஆள் என்பதால் என்னை ஏதாவது எழுதச் சொன்னீர்கள். சர்வர் படுத்ததையும் அதை நான் தட்டி எழுப்பியதையும் எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கதைகள் எல்லோரிடமும் கைவசம் இருக்கின்றன. சொல்கிறவனே அவற்றில் கதாநாயகனாகவும் இருப்பான். நான் எழுதப் போவது, எல்லோரும் பாராட்டும்படி நான் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மங்கலம் ரோட்டில் இருந்த ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நான் சிஸ்டம்ஸ் பொறுப்பில் இருந்தேன். அறுபது கம்ப்யூட்டர்கள். அதில் எத்தனைக்குக் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கினோம் என்று கேட்காதீர்கள். ஊரே அப்படித்தான் இருந்தது. நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வந்தால் கழிப்பறையைப் பார்ப்பார்கள், தீயணைக்கும் சிலிண்டரைப் பார்ப்பார்கள், தொழிலாளர் வயதைப் பார்ப்பார்கள். ஒரு வருடம் அவர்கள் பட்டியலில் புதிதாக ஒரு வரி முளைத்தது: கம்ப்யூட்டர்களில் இருப்பதெல்லாம் லைசென்ஸ் உள்ளதுதானா? முதலாளி விலை விசாரித்தார். விசாரித்த அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை என்று டிரைவர் சொன்னார்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, காசில்லாமயே ஒரு சிஸ்டம் இருக்குதாமா? என்ர மச்சான் கம்பெனில பேசிக்கறாங்க."

"ஆமாங்க. லினக்ஸுங்க."

"என்னமோ ஒன்னு. ரெண்டு மாசம் எடுத்துக்குங்க. நம்முளுக்கு ஆகுமா ஆகாதான்னு ஓட்டிப் பாத்து ஒரு ரிப்போர்ட் குடுங்க. ஆகும்னு நீங்க சொன்னா, அறுவது மிசின்லயும் அதையே ஏத்திப் போடலாம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பல வருடமாக வீட்டில் நான் லினக்ஸ்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் கோயிலுக்குப் போனால் நான் அதோடு உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவனிடம் 'இது ஆகுமா?' என்று கேட்பது, மாப்பிள்ளையின் அப்பாவிடமே ஜாதகப் பொருத்தம் பார்க்கச் சொல்வது மாதிரி. அன்றைக்கே நான் 'எனக்கு இதில் ஆசை இருக்கிறது, கூட இன்னொருத்தரையும் போடுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு பொருள் தேற வேண்டும் என்று உங்கள் மனம் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தால், அதைச் சோதிக்கும் வேலையைத் தனியாக ஏற்காதீர்கள்.

சோதனைக்கு ஒரு மேஜை வேண்டும். பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர்களிடம் போனேன். எல்லோர் கையிலும் ஷிப்மெண்ட் இருந்ததாம். ஒருத்தி, "சார், எங்க மிசின்ல கை வெச்சீங்கன்னா நான் லீவு போட்ருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்கவுண்ட்ஸ் ஆட்கள் தங்கள் கணக்கு சாஃப்ட்வேர் அதில் ஓடாது என்று கதவை மூடிவிட்டார்கள். மறுக்க முடிந்தவர்கள் எல்லாம் மறுத்துவிட்டார்கள். கடைசியில் மறுக்க முடியாத ஒருவரிடம் போனேன்.

பேக்கிங் செக்ஷனில் திலகவதி என்று ஓர் ஆபரேட்டர். குன்னத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நாற்பதை ஒட்டிய வயது. பத்து வருடத்துக்கு மேல் செக்கிங் டேபிளில் நின்றவர். பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்ணாலேயே பிடிக்கும் வேலை அது. நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு புடைத்துக்கொண்டு, டாக்டர் இனி நிற்கக் கூடாது என்றார். ஊரில் டைப்பிங் பழகி, கம்ப்யூட்டர் பழகி, பேக்கிங்கில் ஆள் இல்லாத ஒரு வாரம் தானாகவே உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் அடித்துக் காட்டி, அந்த நாற்காலியை வாங்கியவர். நம் கம்பெனிகளில் நிற்கிற வேலையிலிருந்து உட்காருகிற வேலைக்கு வருவது எவ்வளவு பெரிய தூரம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பழகிக்கறனுங்க சார். ஆனா இதுல ஏதாச்சும் தப்பாப் போனா என்ர சேருக்கு ஒன்னும் ஆயிராதுங்களே?"

"அதெப்படி ஆகும் அம்மிணி? சோதனை என்னோடது. எது போனாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாக்கை எவ்வளவு சுலபமாகக் கொடுத்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

முதல் இரண்டு வாரம் பிரமாதமாகப் போயிற்று. ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் தினமும் குறித்துக்கொண்டே வந்தார். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் நோட்டீஸ் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது, அதற்கு இப்படிச் செய்தேன். எம்ப்ராய்டரி யூனிட்காரர் கொண்டு வந்த பென் டிரைவ் திறக்கவில்லை, அதற்கு இப்படிச் செய்தேன். கோளாறும் அதைத் தாண்டிய வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என் ரிப்போர்ட்டில் நல்லபடியாக வந்த பகுதிகள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவைதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்தது. அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே போன் பேசுவது போலத் திரும்பிக்கொள்வேன். ஒரு பையரின் பேக்கிங் லிஸ்ட்டில் கடைசி நெடுவரிசை பேப்பருக்கு வெளியே போய் வெட்டுப்பட்டது. மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை கேட்கப் பிடிக்காமல், ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே போய் அவர் மிசினில் ஒரு செட்டிங்கை மாற்றினேன். எதை பிரிண்ட் கொடுத்தாலும் பேப்பருக்குள் அடங்கும்படி தானே சுருக்கிக்கொள்ளும். பேக்கிங் லிஸ்ட் முழுசாக வந்தது.

"செரியாயிருச்சுங்க சார்! என்னங்க பண்ணுனீங்க?"

"அதெல்லாம் உள்ள ஒரு வேலை அம்மிணி, உங்களுக்குப் புரியாது" என்றேன்.

என்ன மாற்றினேன் என்று அவரிடமும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. சோதனை நடக்கும் மிசினில் சோதிக்கிறவனே திருட்டுத்தனமாகக் கை வைத்திருக்கிறான். அதை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இப்போது நம் தொழிலின் ஒரு வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் அப்ரூவல் இல்லாமல் ஒரு நூல்கூட நகராது. துணிக்குச் சாயம் போடும் முன் துண்டுத் துணியில் நிறம் காட்டி பையரிடம் ஓகே வாங்குகிறோம். நூல் லாட் மாறினால் மறுபடி வாங்குகிறோம். சாயப்பட்டறை மாறினால் மறுபடி. பட்டனுக்கு, லேபிளுக்கு, பாலித்தீன் பைக்கு, அட்டைப்பெட்டிக்கு, பெட்டி மேல் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கருக்கு, எல்லாவற்றுக்கும் பையரின் கையெழுத்து போட்ட மாதிரி ஒன்று ஃபைலில் இருக்கும். அந்த ஸ்டிக்கரை அடிக்கும் கம்ப்யூட்டர், அதாவது திலகவதியின் மிசின், உள்ளே முழுக்க மாறியிருந்தது. ஸ்டிக்கர் மட்டும் பழைய அப்ரூவலிலேயே போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நான் செட்டிங் மாற்றிய அதே வாரம், குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. மாலை நாலு மணிக்குள் கண்டெய்னர் கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியும். மூன்று மணிக்குத் திலகவதி என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு ஸ்டிக்கர்கள்.

"சார், ஒரு நிமிசமுங்க. இது போன ஷிப்மெண்ட்ல மிச்சமான ஸ்டிக்கருங்க, என்ர டிராயர்ல கெடந்துச்சு. இது இன்னிக்கு அடிச்சதுங்க. ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தனுங்க. புதுசுல கோடெல்லாம் கொஞ்சம் ஒடுங்குன மாதிரி இருக்குதுங்க."

செக்கிங் டேபிளில் பழகிய கண் அது. எனக்கு முதலில் வித்தியாசமே தெரியவில்லை. உற்றுப் பார்த்த பிறகு தெரிந்தது. நம் கை ஸ்கேனரை எடுத்து வைத்தேன். பீப் என்றது. இன்னொரு தடவை வைத்தேன், மறுபடியும் பீப். பேக்கிங் மேனேஜர் வெளியே நின்று லோடுமேன்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"படிக்குதல்ல? அப்புறம் என்ன? ஒட்டச் சொல்லுங்க" என்றேன்.

"இல்லீங்க சார், ஒருக்கா மெர்ச்சண்டைசர் மேடத்துகிட்டக் காட்டீட்டு..."

"ஏம்மா, எதைப் பாத்தாலும் பயந்தா புது சிஸ்டத்தை எப்பப் பழகறது? போங்க, டைம் ஆகுது."

போனார்.

அந்த நேரத்தில் எனக்குத் திங்கட்கிழமை காலை மாற்றிய செட்டிங் நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அவர் வாசலைத் தாண்டும் போதே வந்தது. ஸ்டிக்கரையும் அதுதான் சுருக்கியிருக்கிறது என்று புரிந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். செட்டிங்கை எடுத்துவிட்டு மறுபடி அடிக்க ஒரு மணி நேரம் ஆகும், கண்டெய்னர் தாமதமாகும், ஏன் என்று முதலாளி கேட்பார், புது சிஸ்டத்தால் என்று பேக்கிங் மேனேஜர் சொல்வார். 'பரிந்துரைக்கிறேன்' என்று முடியும் என் ரிப்போர்ட் அப்போதே பாதி அடித்து வைத்திருந்தது. ஸ்கேனர்தான் படிக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டெய்னர் நாலு மணிக்குக் கிளம்பியது.

கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு மெயில் வந்தது. பையரின் கிடங்கில் பெட்டிகள் ஓடும் பெல்ட்டின் மேல் வரும்போதே மிசின் பார்கோடைப் படிக்க வேண்டும். கோடு ஒடுங்கியிருந்ததால் படிக்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் இறக்கி வைத்து, அங்கேயே ஆள் போட்டு வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், செலவு நம் தலையில். ஸ்டிக்கர் பக்கத்தில் ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். மூல காரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று இரண்டு நாளில் எழுதி அனுப்ப வேண்டும்.

மீட்டிங் ரூமில் முதலாளி, மெர்ச்சண்டைசிங் மேனேஜர், பேக்கிங் மேனேஜர், நான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே திலகவதி நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் உள்ளே வரச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். முதலாளி போட்டோவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. இது சிஸ்டத்துனால ஆச்சுங்களா, ஆளுனால ஆச்சுங்களா?"

சிஸ்டம் என்று சொன்னால் லினக்ஸ் அன்றோடு மூட்டை கட்டியிருக்கும். என்னால் என்று சொன்னால் என் மரியாதை போயிருக்கும். வேலை போயிருக்காது என்று இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. திட்டியிருப்பார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான். என்னை விட்டால் அந்த அறுபது மிசினைப் பார்க்க அவருக்கு வேறு ஆள் கிடையாது.

"சிஸ்டத்துல ஒரு கோளாறும் இல்லீங்க. பிரிண்ட் குடுக்கற எடத்துல செட்டிங் மாறியிருக்குதுங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. யார் மாற்றியது என்று யாரும் கேட்கவில்லை. அந்த மிசினில் உட்காருகிறவர் ஒருவர்தானே என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னனுங்க, செக்கிங்ல இருந்த ஆளைக் கொண்டாந்து கம்ப்யூட்டர்ல உக்கார வெக்காதீங்கன்னு" என்றார் பேக்கிங் மேனேஜர். அவர் அப்போது அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"செரி, மறுக்கா செக்கிங்குக்கே அனுப்பிருங்க" என்றார் முதலாளி. திலகவதியை உள்ளே கூப்பிடவே இல்லை.

பையருக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. மூல காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அன்று மாலையே அவர் மிசினுக்குப் போய் அந்தச் செட்டிங்கை எடுத்துவிட்டேன். இரண்டு கிளிக்.

திலகவதி நான்கு நாள் செக்கிங் டேபிளில் நின்றார். ஐந்தாவது நாள் குன்னத்தூர் பஸ்ஸில் வரவில்லை. ஒரு சண்டை கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. என் அறைக்கு வந்து 'எது போனாலும் நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே' என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்காமல் போனதை, கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை என்பது போல அப்போது வசதியாக எடுத்துக்கொண்டேன்.

கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். டீக்கடையில் ஒரு நாள், "ஏனுங்க, சாயப்பட்டறை மாறுனா மறுபடி அப்ரூவல் கேக்கறமுங்க. கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளாற எல்லாத்தையும் மாத்தீட்டு ஸ்டிக்கருக்கு ஏனுங்க கேக்காம உட்டீங்க? அந்தப் புள்ளைய அதுக்குத் தொரத்துனது நாயமே இல்லீங்க" என்றார். அவருக்கு கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது. நான் கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அறுபது மிசினிலும் லினக்ஸ் ஏறியது. அக்கவுண்ட்ஸுக்கு அதில் ஓடும் வேறு கணக்கு சாஃப்ட்வேர் போட்டோம். நன்றாகவே ஓடியது, இன்னும் ஓடுகிறது. வைரஸ் தொல்லை நின்றது, ஆடிட்டில் அந்த வரிக்கு நேரே டிக் விழுந்தது. ஆயுத பூஜை அன்று முதலாளி எல்லோர் முன்னாலும் எனக்குச் சால்வை போட்டார். எல்லா செக்ஷனுக்கும் ஒரு பயிற்சிக் கையேடு கொடுத்தேன், மேலே என் பெயர் போட்டு. திலகவதி விட்டுப் போன நோட்டை வரிக்கு வரி பார்த்து அடித்ததுதான் அது. சில இடங்களில் அவர் எழுதிய வாக்கியத்தை மாற்றக்கூட இல்லை, அதைவிடத் தெளிவாக எனக்கு எழுத வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார் என்று முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டுக்கு நெட்வொர்க் பார்க்கப் போனேன். செக்கிங் டேபிளில் திலகவதி நின்றுகொண்டிருந்தார். காலில் கணுக்காலிலிருந்து மேலே துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். நிஜமான சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தார். இங்கேயும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"அய்யோ, வேண்டாமுங்க சார். கேட்டாங்க, நாந்தான் மாட்டேன்னுட்டனுங்க. அன்னிக்கு நீங்க ஸ்கேனர வெச்சுப் பாத்தீங்க, சத்தம் குடுத்துச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க? எந்தச் செட்டிங்க நான் தட்டித் தொலைச்சனோ, இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்கறனுங்க, ஞாபகமே வரமாட்டீங்குது. என்னால உங்குளுக்கும் கெட்ட பேரு."

இத்தனை வருடமும் அந்த அம்மா செய்யாத ஒன்றை எப்போது செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்பு வந்ததை, மாற்றியதை, அவர் வாசலைத் தாண்டும்போதே எனக்கு நினைவு வந்ததை, மீட்டிங்கில் சொன்னதை, படிவத்தில் எழுதியதை, நோட்டை என் பெயரில் போட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் அழுவார், இல்லை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. சிரிப்பு போயிருந்தது.

"இதை எதுக்குங்க சார் எங்கிட்டச் சொல்றீங்க? அன்னிக்கு அந்த ரூம்புக்குள்ள இருந்தாங்களே, அவுங்ககிட்டச் சொல்லோணுமுங்க."

பெல் அடித்தது. அவர் டேபிளுக்குப் போய்விட்டார்.

நான் இன்னும் முதலாளியிடம் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை, இப்போது எதற்கு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைக்கிறது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் அந்த அறையில் இருந்தவர்கள் இல்லை.